கிராமம் காலியாகுதுன்னு வரைபடம் சொல்லுதா?

நகரத்து நண்பர்கள் அடிக்கடி அனுப்புற படம் ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டு வரைபடம், கீழே ஒரு பட்டன். தட்டினா 2001லிருந்து 2011க்கு ஓடும். ஊர் ஊரா சிவப்பு பரவும். "பாத்தீங்களா, கிராமமெல்லாம் காலியாகுது"ன்னு கூடவே ஒரு வரி வரும். படம் அழகுதான். அந்த வரியைத்தான் என்னால ஒத்துக்க முடியல.

முதல்ல படம் ஓடுற விதத்தைப் பாப்போம். இது எஸ்விஜி படம். நம்ம புலப்படம் மாதிரி, எல்லைக்கோடு எங்க தொடங்கி எங்க திரும்புதுன்னு அளவாவே எழுதி வச்சிருப்பாங்க. அதனால எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காது. "இந்த நிறத்திலிருந்து அந்த நிறத்துக்கு மூணு விநாடியில மாறு"ன்னு சொன்னா, நடுவுல வர்ற நிறங்களைக் கணினியே போட்டுக்கும். கணக்கெடுத்தது 2001லயும் 2011லயும் மட்டும்தான். நடுவுல ஓடுற ஒன்பது வருசத்தை யாரும் எண்ணல. பஞ்சம் வந்த வருசம், மழை பெய்ஞ்ச வருசம் எல்லாம் அதுல ஒண்ணுதான்.

சரி, எண்ணின கணக்கு என்ன சொல்லுது? தமிழ்நாட்டுல கிராமத்து மக்கள் 2001ல சுமார் 3.49 கோடி, 2011ல 3.72 கோடி. குறையல, கூடியிருக்கு. நகரத்துல அதைவிட வேகமா கூடினதால, நகரத்தோட பங்கு 44 சதவீதத்திலிருந்து 48.4 ஆச்சு. நிறம் காட்டுறது பங்கை. நாம படிக்கிறது ஆள் போயிட்டாங்கன்னு.

இன்னொரு சங்கதி, சென்சஸ் டவுன். 5,000 பேருக்குக் குறையாம இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்கணும், முக்கிய வேலை செய்யுற ஆம்பளைங்கள்ல 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத வேலைக்குப் போகணும். இது மூணும் இருந்தா, நிர்வாகத்துல ஊராட்சியாவே இருந்தாலும் கணக்குல அது நகரம். தமிழ்நாட்டுல இப்படிப்பட்ட ஊர்கள் 2001ல 111, 2011ல 376. நஞ்சையைப் புஞ்சைன்னு பதிவேட்டுல மாத்தினா வயல் இடம் மாறிடுமா? அதுமாதிரி, ஒருத்தரும் வீடு மாறாமலே ஊர் மட்டும் சிவப்பாயிடும்.

அந்த 75 சதவீதத்தை இன்னொரு தடவை படிங்க. ஆம்பளைங்க வேலையை மட்டும்தான் பாக்குது. எங்க பக்கத்துல ஆம்பளைங்க பனியன் கம்பெனி வேனுல ஏறிப் போனாலும், களையெடுக்கிறது, தண்ணி கட்டுறது, மாடு பாக்கிறது எல்லாம் பொம்பளைங்கதான். அவங்க உழைப்பு இந்தச் சோதனைக்குள்ளயே வரல. விவசாயம் நடந்துகிட்டிருக்கிற ஊரை "நகரம்"னு வரைபடம் காட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால என்ன நஷ்டம்னு கேப்பீங்க. "அங்க யாரும் இல்லை, விவசாயமும் இல்லை"ங்கிற எண்ணம் ஒருதடவை பதிஞ்சிட்டா, பஸ்ஸைக் குறைக்கிறதும் பள்ளிக்கூடத்தை மூடுறதும் நியாயமாத் தெரிய ஆரம்பிச்சிடும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027ல. புதுசு புதுசா படம் ஓடும். செய்யுற தம்பி தங்கச்சிகளுக்கு ரெண்டே வேண்டுகோள்: ஆள் கூடினதால மாறின ஊருக்கு ஒரு நிறம், பேர் மாறினதால மாறின ஊருக்கு வேற நிறம் குடுங்க. எண்ணாத வருசங்களைப் புள்ளிக்கோடா காட்டுங்க. பாக்குறவங்க, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்னு ஒரு தடவை படிச்சிருங்க.