நிறம் கலக்கப் பழகுங்கள்



போன வாரம் ஏர்பிரஷில் நான் வரைந்த மாம்பழப் படத்தை இங்கே போட்டிருந்தேன். நிறைய பேர் பாராட்டினீர்கள், சந்தோஷம். கமெண்டில் வந்த கேள்விகளைக் கூட்டிப் பார்த்தால் மூன்றே வகைதான்.

"சார், போன்ல ஏஐ ஒரு நொடியில போட்டுக் குடுக்குதுங்க. எதுக்குங்க சார் இந்தப் பாடு?" என்பது முதலாவது.

"டிஷர்ட்ல அடிச்சு வித்தா நல்லா போகுமுங்க சார். பீஸ் நான் தர்றேன்" என்பது இரண்டாவது.

"எத்தனை கலர் வாங்கணுமுங்க சார்?" என்பது மூன்றாவது.

தனித்தனியாகப் பதில் எழுதினால் விடிந்துவிடும். மொத்தமாக இங்கேயே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறத்தை வைத்துப் பிழைக்கிற ஊர் நம்முடையது. இங்கே வீட்டுக்கு ஒருத்தருக்காவது கையால் நிறம் கலக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் காசுக்காகச் செய்ய வேண்டாம். சொந்தக் கண்ணுக்காகச் செய்தால் போதும்.

என்னிடம் படித்தவர்கள் நிட்டிங், டையிங், பிரிண்டிங், செக்கிங், பேக்கிங் என்று எல்லா இடத்திலும் இருக்கிறீர்கள். காலையிலிருந்து ராத்திரி வரை நிறத்தோடுதான் இருக்கிறீர்கள். ஆனால் அந்த நிறம் உங்களிடம் எப்படி வருகிறது? பையர் ஒரு பான்டோன் நம்பர் அனுப்புகிறார். லேபில் மெஷின் அளந்து ரெசிப்பி தருகிறது. லேப் டிப் போகிறது. ஓகே ஆகி வரும், இல்லாவிட்டால் 'கொஞ்சம் சிவப்பு அதிகம்' என்று திரும்பி வரும். டையிங் மாஸ்டரையும் பிரிண்டிங் பட்டறையில் பேஸ்ட் கலக்குகிறவரையும் விட்டால், ஒரு நிறத்தோடு இன்னொன்றைச் சேர்த்து என்ன ஆகிறது என்று பார்த்த கை இந்த ஊரில் குறைவு.

நம் பாட்டிமார்களிடம் நம்பர் கிடையாது. அரக்கு, மாந்துளிர், கத்தரிப்பூ, வெங்காயத்தோல், கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று சொன்னால் ஜவுளிக்கடைக்காரர் சரியான சேலையை எடுத்துப் போடுவார். நம்பரை நான் குறை சொல்லவில்லை. லட்சம் பீஸ் ஒரே நிறத்தில் கப்பல் ஏற வேண்டுமானால் நம்பர் வேண்டும்தான். ஆனால் நம்பரோடு மட்டும் பழகிய கண்ணுக்கு, மாந்துளிரில் சிவப்பு எங்கே முடிந்து பச்சை எங்கே ஆரம்பிக்கிறது என்று நின்று பார்க்கத் தோன்றாது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு முதல் பதில். முப்பது பாட்டில், நாற்பது பாட்டில் செட் வாங்காதீர்கள். மஞ்சள், மெஜந்தா, சயன், வெள்ளை, கருப்பு என்று ஐந்து போதும். தண்ணீர் கலந்து அடிக்கிற அக்ரிலிக் வாங்குங்கள். பிரிண்டிங்கில் இருக்கிற பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். நீங்கள் தினமும் பார்க்கிற நாலு கலர் பிரிண்ட்டோடு வெள்ளையைச் சேர்த்தால் இதுதானே!

ஒளியியல் பாடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று போர்டில் மூன்று வட்டம் போட்டுக் காட்டியது நினைவிருக்கும். அது ஒளிக்கான கணக்கு. உங்கள் போன் திரை அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஒளியோடு ஒளியைச் சேர்த்தால் வெளிச்சம் கூடும், மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. பெயிண்ட் இதற்கு நேர் எதிர், அது ஒளியைத் தின்கிறது. சயன் சிவப்பு ஒளியைத் தின்னும். மெஜந்தா பச்சையைத் தின்னும். மஞ்சள் நீலத்தைத் தின்னும். இரண்டைக் கலந்தால், இரண்டும் தின்றது போக மிஞ்சுவதுதான் கண்ணுக்கு வரும். மஞ்சளும் சயனும் சேர்ந்தால் பச்சை மிஞ்சுகிறது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. மெஜந்தாவும் சயனும் சேர்ந்தால் நீலம், அதில் மெஜந்தாவைத் தூக்கினால் கத்தரிப்பூ.

இந்தக் கழித்தல் கணக்கு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான். மஞ்சளில் ஒரு சொட்டு கருப்பு விட்டுப் பாருங்கள். இருண்ட மஞ்சள் வரும் என்று நினைப்பீர்கள், பாசி பிடித்த பச்சை வரும். அதனால்தான் மாம்பழத்தின் நிழலுக்குக் கருப்பு உதவாது. மஞ்சளோடு கொஞ்சம் மெஜந்தாவும் அதைவிடக் குறைவாகச் சயனும் சேர்த்தால் பழம் பழமாகவே இருண்டு வரும். சிவப்பை வெளுக்க வெள்ளை விட்டால் ரோஸ் ஆகிவிடும், சூடு போய்விடும். கூடவே மஞ்சள் ஒரு சொட்டு வேண்டும். பழுப்புக்குத் தனி பாட்டில் வேண்டாம், இருண்ட ஆரஞ்சுதான் பழுப்பு. சிவப்பில் சயன் துளித்துளியாக இறங்கினால் அரக்கு வரும்.

இரண்டு விதிகள். வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் பாட்டில் காலியாகும், நிறம் வராது. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும், அதனால் காய்ந்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். லேபில் ஈரத் துணியைப் பார்த்து யாராவது ஷேடு ஓகே சொல்வார்களா? கலந்ததை எல்லாம் ஒரு நோட்டில் 'மஞ்சள் 10, மெஜந்தா 2, சயன் 1' என்று சொட்டுக் கணக்கோடு எழுதி, பக்கத்தில் அந்த நிறத்தைத் தடவி வையுங்கள்.

"இதுக்குப் பிரஷ் போதாதுங்களா, ஏர்பிரஷ் எதுக்கு?" என்று கேட்பீர்கள். போதும். பிரஷிலேயே ஆரம்பியுங்கள். ஏர்பிரஷில் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. தட்டில் கலப்பது போக, காகிதத்தின் மேலேயும் நிறம் கலக்கும். பால் பதத்துக்குக் கரைத்த பெயிண்ட்டைக் காற்று பொடிப் பொடித் துளியாக உடைத்துத் தூவுகிறது. முதலில் மஞ்சள் அடித்துக் காய விட்டு, அதன்மேல் சயனை லேசாகத் தூவினால், கீழே இருக்கிற மஞ்சள் உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி ஒரு பச்சை வரும். தட்டில் கலந்த பச்சைக்கு அந்த உயிர் இருக்காது.

இது உங்களுக்குப் புதிதும் கிடையாது. கிரே மெலாஞ்ச் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். அதில் சாம்பல் நிறமே இருக்காது. கருப்பு இழையும் வெள்ளை இழையும்தான் கலந்து கிடக்கும், தள்ளி வைத்தால் கண் அதைச் சாம்பலாகப் படிக்கிறது. மயில்கழுத்துச் சேலையும் அதே வித்தைதான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திரும்பத் திரும்ப நிறம் மாறும். நெசவாளி நூலில் செய்ததை நாம் துளியில் செய்கிறோம்.

கருவியும் ரொம்பப் பெரிய சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் 1879இல் செய்த கருவியிலிருந்து வளர்ந்தது. இன்று 0.3 மில்லிமீட்டர் நாசில், மேலே சின்னக் கிண்ணம், விரலுக்கு ஒரு பொத்தான், ஒரு குட்டி கம்ப்ரசர். பொத்தானை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். காற்றழுத்தம் 15 முதல் 25 பி.எஸ்.ஐ. போதும். நூல் பிசிறு ஊதுகிற கன்னையும், செக்கிங்கில் கறை எடுக்கிற கன்னையும் பிடித்துப் பழகிய விரல்களுக்கு இது சுலபமாக வசப்படும்.

முதல் மாதம் படமே வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் புள்ளி வையுங்கள், பிறகு கோடு, பிறகு தடித்து ஆரம்பித்து மெலிந்து முடிகிற கோடு, பிறகு அடர்த்தியிலிருந்து வெளிறிப் போகிற பட்டை, கடைசியாக ஒரு பந்து. பக்கத்தில் பிடித்தால் கோடு மெலியும், தள்ளிப் பிடித்தால் அகலும். கை நகர ஆரம்பித்த பிறகு பெயிண்ட்டைத் திறந்து, கை நிற்கும் முன்னால் மூட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் பொட்டு விழும். முடித்ததும் உடனே கழுவிவிடுங்கள். வெளியே துடைக்கப் பனியன் வேஸ்ட் நல்லது. நாசிலுக்குள் அதை விடாதீர்கள், பஞ்சு அடைத்துக்கொள்ளும்.

இனி ஏஐ கேள்வி. அது படம் போடும், நன்றாகவே போடும். ஆனால் அது போட்ட மாம்பழத்தைப் பார்த்த பிறகு, உங்கள் வீட்டு மாம்பழத்தில் முன்பு தெரியாத எதுவும் புதிதாகத் தெரியாது. பத்து நாள் மஞ்சளோடு போராடியவனுக்கு, பழத்தின் காம்புப் பக்கத்தில் ஒளிந்திருக்கிற பச்சை தெரியும். லாபம் அந்தப் பார்வைதான், படம் கொசுறு.

சாயத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு கதை. பாரிஸில் கோபெலின் என்ற அரசு திரைச்சீலை நெசவுக்கூடம். அங்கே 1824இல் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞரைச் சாயப் பிரிவுக்குத் தலைவராகப் போட்டார்கள். கருப்புச் சாயம் மங்கலாகத் தெரிகிறது என்று புகார். அவர் ஆராய்ந்து பார்த்தார், சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கருப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் இருந்தன. பக்கத்து நிறம்தான் கருப்பை மங்கலாகக் காட்டியது. அதை வைத்து ஆராய்ந்து 1839இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார், ஐரோப்பிய ஓவியர்கள் அதைப் படித்துப் பயன்பெற்றார்கள். மனுசன் 102 வயது வரை இருந்தார்!

மெஷின் ஒரு துண்டுத் துணியை அளந்து டெல்டா ஈ இவ்வளவு என்று சொல்லும். பக்கத்தில் இன்னொரு நிறம் வந்தால் அது எப்படித் தெரியும் என்று கண்தான் சொல்ல வேண்டும். லைட் பாக்ஸில் டி65 விளக்கில் ஒத்துப்போன ஷேடு, டிஎல்84 விளக்கில் பிரிந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிறம் என்பது துணி, வெளிச்சம், கண் மூன்றும் சேர்ந்து நடக்கிற விஷயம். மெஷின் கெட்டிக்காரத்தனம் கூடக் கூட, கண்ணும் கெட்டிக்காரத்தனமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது வியாபாரம். தம்பி, உன் அன்புக்கு நன்றி. அமெரிக்கக் கடற்கரை ஊர்களில் 1970, 80களில் டிஷர்ட்டில் ஏர்பிரஷ் அடித்து விற்பது பெரிய மோகமாக இருந்தது, எனக்கும் தெரியும். துணிக்கான பெயிண்ட் அடித்து, அயர்ன் சூட்டில் பிடிக்க வைத்தால் துவைத்தாலும் நிற்கும். செய்ய முடியும். ஆனால் பத்துப் பீஸ் ஆர்டர் வந்த அன்றே பத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். பிறகு தேதி, பிறகு ரிஜெக்ட். கம்பெனியில் இருக்கிற அதே வேலை வீட்டுக்கும் வந்துவிடும். நம் ஊரில் எதைத் தொட்டாலும் 'இதில் என்ன கிடைக்கும்' என்று கேட்டே பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் ஊரை வளர்த்தது, மறுக்கவில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது அந்தக் கேள்வி நுழையாத ஒரு மூலை வேண்டும்.

என் மாணவி ஒருத்தி பல வருசமாக லேபில் ஷேடு மேட்ச் செய்கிற வேலையில் இருக்கிறாள். ஒரு நாள் சொன்னாள்: "சார், இத்தன வருசத்துல ஆயிரக்கணக்குல கலர் மேட்ச் பண்ணியிருக்கேனுங்க. எனக்குப் பிடிச்சதுன்னு ஒரு கலர் நான் கலக்குனதே இல்லீங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அவளுடைய அம்மா கட்டிய ஒரு சேலையின் நிறம் வேண்டும் என்றாள். சேலையும் இல்லை, அம்மாவும் இல்லை. நினைவு மட்டும்தான். இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கலக்கி, தடவிக் காய வைத்து, "இல்லீங்க, இன்னும் கொஞ்சம் மங்கல்" என்று திரும்பக் கலக்கினாள். கடைசியில் ஒரு துண்டுத் தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனாள். அந்த நிறத்துக்கு யார் அப்ரூவல் தர வேண்டும்?

பிள்ளைகள் விஷயம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் முதலில் நிற்பது ஓவியம்தான். டிராயிங் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் நடக்கிறது. அறிவியல் வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன்: ஒளி, விகிதம், பதிவு எழுதுவது, ஒரே ஒரு காரணியை மாற்றிப் பார்ப்பது எல்லாம் இந்த ஐந்து பாட்டிலில் இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் கலக்கினால் மார்க் குறையாது. விடுங்கள், கலக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் பெயிண்ட்தானே என்று மூக்கை மூடாமல் அடிக்காதீர்கள். தூவுகிற துளி நேராக நுரையீரலுக்குப் போகும். சரியான மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள், சின்னக் குழந்தைகள் இருக்கிற அறை வேண்டாம். வண்டிக்கு அடிக்கிற பெயிண்ட், தின்னர் எல்லாம் வீட்டுக்குள் கூடவே கூடாது. பாட்டிலில் காட்மியம் என்று போட்டிருந்தால் அதை ஸ்பிரே செய்யாதீர்கள்.

இன்னொன்று, கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எத்தனை குடும்பம் தவித்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நொய்யல் ஓரத்திலும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழேயும் விவசாயிகள் பட்டதும் தெரியும். நம்முடையது அரை டம்ளர் தண்ணீர்தான். ஆனாலும் ஒரு பழைய டப்பாவில் ஊற்றி வெயிலில் காய விட்டு, அடியில் தங்குகிற தோலைக் குப்பையில் போடுங்கள். நிறத்தின் மேல் ஆசைப்படுகிறவனுக்கு அது போய்ச் சேருகிற இடத்தின் மேலும் அக்கறை வேண்டும்.

வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடிக்கலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற ஒரு வேப்பிலை, ஒரு கல், ஒரு பழைய பாத்திரம், எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாட்டிலில் அந்த நிறத்தைக் கலந்து, சொட்டுக் கணக்கோடு கீழே கமெண்டில் போடுங்கள். பெயிண்ட் வாங்காதவர்கள் வெறும் கண்ணால் பார்த்து, எந்த எந்த நிறம் சேர்ந்திருக்கும் என்று எழுதுங்கள். மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. எல்லாவற்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்