நாய் கண்ட கனவு

சென்ற வாரம் ஒரு நாள் நடுநிசியில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பரிதாபமான முனகல் ஒன்று கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கறுப்பன் நான்கு கால்களையும் உதறிக்கொண்டு, தூக்கத்திலேயே அழுதுகொண்டிருந்தான். கறுப்பன் சீமை ஜாதி நாய் அன்று. தெருவில் கல்லடி பட்டு, பின்னங்கால் ஒடிந்து, எங்கள் வாசலில் வந்து விழுந்த நாட்டு நாய்.

என் இளைய மகள் ஓடி வந்து, அவனைத் தட்டி எழுப்பக் கையை நீட்டினாள். "தொடாதே!" என்றேன். அவள் கை பின்வாங்கிய அதே விநாடியில் கறுப்பன் வெறுங் காற்றைக் கவ்வினான். பிறகு கண் விழித்து, எங்களை இன்னாரென்று அறிந்து, வாலைக் குழைத்தான்.

மறுநாள் காலையில் அண்டை வீட்டுப் பெரியவர், "ராத்திரியில் நாய் அழுதால் குடும்பத்துக்கு ஆகாது, ஸார்! விரட்டி விடுங்கள்" என்றார். என் மனைவியும், "குழந்தையைக் கடிக்க வந்த நாய் நமக்கு எதற்கு?" என்றாள். இரண்டு கட்சிக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நாய் கனவு காணும் என்று அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். 1953-ல் சிகாகோ சர்வகலாசாலையில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்கும் மனிதனின் விழிகள் மூடிய இமைக்குள் வேகமாய் அசையும் வேளை ஒன்று உண்டென்றும், கனவுகள் பெரும்பாலும் அப்பொழுதே வருகின்றன என்றும் கண்டார்கள். நாய்க்கும் அத்தகைய வேளை உண்டு. 2001-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எலி விழித்திருந்தபோது ஓடிய பாதை அதன் தூக்கத்தில் மூளைக்குள் மறுபடி ஓடுவதைப் பதிவு செய்தார்கள். கறுப்பன் இன்னதுதான் கண்டான் என்று நிச்சயமாய்ச் சொல்ல எவராலும் ஆகாது. ஆயினும், பட்ட பாடு கனவில் திரும்பி வருவது மனிதனுக்கு மட்டும் உரியதென்று எண்ண நியாயமில்லை.

கனவில் ஓடும் உடம்பு உண்மையில் எழுந்து ஓடிவிடாதபடி, மூளையின் அடித்தண்டு கைகால்களைக் கட்டிப் போடுகிறது. அந்தக் கட்டுச் சற்றே நெகிழும்போதுதான் பாதம் துடிக்கிறது; குரைப்பு முனகலாய் வெளிவருகிறது. அது பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். ஆகையால் சும்மா விட்டுவிடுவதே உத்தமம். பார்க்கப் பொறுக்கவில்லையானால், எட்ட நின்று, தாழ்ந்த குரலில் பெயர் சொல்லி அழைக்கலாம். தொடுவதும், உலுக்குவதும், தண்ணீர் தெளிப்பதும் கூடாது. பாதி விழிப்பில் அதற்கு எஜமானன் யார், எதிரி யார் என்று தெரியாது. இதைக் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லி வைக்க வேண்டும். தப்பித் தவறிப் பல் பட்டுவிட்டால், வீட்டு நாய்தானே என்று இராமல், காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாய்ப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உடம்பெல்லாம் விறைத்து, நுரை தள்ளி, சிறுநீர் பிரிந்து, அழைத்தாலும் எழாமல் இருந்தால் அது கனவன்று, வலிப்பாக இருக்கலாம். கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஆகவே என் மனைவியிடம், "அவன் கவ்வியது நம் குழந்தையை அல்ல, கனவில் வந்த எவனையோ" என்றேன். பெரியவரிடம், "வரப்போகும் துக்கத்தை அவன் அறிவிக்கவில்லை, பட்ட துக்கத்துக்கு அழுதிருக்கலாம்" என்றேன். தருமபுத்திரருடன் சுவர்க்க வாசல் வரை சென்ற ஜீவனை நாம் வீட்டு வாசலிலிருந்து விரட்டுவதா?

ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. கறுப்பன் மீது கல்லெறிந்தவர்கள் பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பையன்கள். அந்தக் கைகளில் ஒன்றிரண்டு என் வகுப்பில் எழுதுகோல் பிடிக்கும் கைகளாகவும் இருக்கலாம். நாயின் கனவுக்கு இரவில் செய்யக்கூடிய சிகிச்சை சொற்பம். பகலில், வகுப்பறையில், செய்ய வேண்டியதே அதிகம்.

நேற்றிரவும் கறுப்பன் முனகினான். என் மகள் நிலைப்படி அருகிலேயே நின்று, "கறுப்பா, கறுப்பா" என்று இருமுறை மெல்ல அழைத்தாள். கால்கள் ஓய்ந்தன. கண்ணைத் திறக்காமலே வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு, அவன் நிம்மதியாய்த் தூங்கிப் போனான்.