கல்லறைத் தோட்டத்தின் ஓர மூலை

தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயிலில் அடக்கப் பூசை உண்டா, கிடையாதா? கிறிஸ்தவ வீடுகளில் இந்தக் கேள்வி எழும் நேரம்தான் கொடுமை. உள்ளே பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கதறிக்கொண்டிருப்பார். வாசலில் நாலு பெரியவர்கள் நின்று, "மணி அடிக்கலாமா? உடலைக் கோயிலுக்குள் கொண்டு போகலாமா?" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சட்டம் பேச அதுவா நேரம்?

சரி, சட்டத்தையே பார்ப்போம். 6ஆம் நூற்றாண்டிலேயே பிராகா நகரில் கூடிய சங்கம் இவர்களுக்கு வழிபாட்டோடு அடக்கம் கூடாது என்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், தெளிந்த புத்தியோடு உயிரை மாய்த்துக்கொண்டு, மனம் வருந்திய அடையாளம் எதுவும் காட்டாமல் இறந்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. இங்கிலாந்தில் 1823 வரை நாற்சந்தியில் புதைப்பார்களாம். அதற்குப் பிறகும் 1882 வரை இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில்தான் அடக்கம்! கேரளத்தில் கல்லறைத் தோட்டத்தின் ஓர மூலைக்குத் 'தெம்மாடிக்குழி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆனால் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில், அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை இல்லை. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், தற்கொலை தவறு என்று சொல்லிவிட்டு, கடுமையான மனப்பாதிப்பும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்கள் மீட்படைவார்களா என்பதில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. நாட்டின் சட்டமும் மாறியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். ஏடு மாறிவிட்டது, வாசலில் நிற்பவர்களின் மனசுதான் மாறவில்லை.

இயேசு என்ன செய்தார்? கை சூம்பிப்போனவனை ஓய்வுநாளில், அதுவும் தொழுகைக்கூடத்தில் வைத்தே குணமாக்கினார். யோசித்துப் பாருங்கள், அது உயிர் போகிற அவசரம் இல்லை. சாயங்காலம் வரை காத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் காத்திருக்கவில்லை. ஓய்வுநாளே வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. அது மனுஷனுக்காக ஏற்பட்டது என்பதைத்தான் நினைவுபடுத்தினார். அடக்கச் சட்டத்துக்கும் இதே அளவுகோல்தானே?

"மரியாதையாக அடக்கம் செய்தால் மற்றவர்களும் துணிந்துவிட மாட்டார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களும் உயிரைக் காக்கவே இப்படிப் பேசுகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மனம் உடைந்து நிற்கிறவன், தனக்கு எந்த மூலையில் குழி வெட்டுவார்கள் என்று கணக்குப் போடுவானா? தண்டனை அவனுக்குப் போய்ச் சேராது, உயிரோடு இருக்கிற குடும்பத்துக்குத்தான். அவமானத்துக்குப் பயந்து "மாரடைப்பு" என்று மறைப்பார்கள். மறைக்க மறைக்க, அதே நினைப்போடு தவிக்கும் அடுத்தவனும் வாய் திறக்க மாட்டான். ஆக, உயிரைக் காக்க வந்த விதியே உதவி கேட்கும் வாயை அடைக்கிறது.

அதனால் என் கருத்து இதுதான். மணி அடியுங்கள். ஜெபம் சொல்லுங்கள். எல்லோருக்கும் வெட்டுகிற வரிசையிலேயே குழி வெட்டுங்கள். அந்த வீட்டுக்குப் போய், "ஏன் இப்படிச் செய்தான்?" என்று துருவாமல் கூட உட்காருங்கள். தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கடவுள் நம்மிடம் ஒப்படைக்கவில்லை.

தேர்வு முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மனசு தாங்கவில்லையென்றால் யாரிடமாவது பேசிவிடுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் உதவி கிடைக்கும். உங்கள் மேல் இரக்கம் காட்ட நாங்கள் அடக்க நாள் வரை காத்திருக்கக் கூடாது, இல்லையா?