அரங்கேற்றமா, பட்டறையா? எல்லைப்புறத் தமிழும் முற்றுப்பெறாப் படைப்பும்

முற்றுப்பெறாத படைப்பைக் குழுவின்முன் படித்துக் கருத்துக் கேட்கும் முறை, படைப்பிலக்கியப் பட்டறை என்னும் பெயரில் தமிழ்த்துறைகளில் இடம்பெற்று வருகிறது. இது இளம் படைப்பாளரை வளர்க்கும் என்பர். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழ் மாணவரைப் பொறுத்தவரை இக்கருத்து ஏற்புடையதன்று. அவர்களுக்குப் பட்டறை என்னும் பெயரில் நிகழ்வது பெரும்பாலும் அரங்கேற்றமே.

அரங்கேற்றம் நிறைவுற்ற நூலுக்குரியது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு உரைக்கப்பட்டதாகப் பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் கூறும். முடிந்த நூலை ஆராய்ந்து ஏற்பதும் மறுப்பதும் அவையின் பணி. பட்டறையோ கொல்லனுக்குரியது. உலையில் கிடக்கும் இரும்பை எடுத்து அரிவாளின் கூர்மை பார்ப்பார் எவருமிலர். பாதி எழுதிய கதைக்கு வழுப்பட்டியல் இடுவோர் அதனையே செய்கின்றனர்.

இதன் தீங்கு எல்லைப்புறத்தாரை முதலில் தாக்குகிறது. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தைச் சேர்ந்தது. ஆட்சி எல்லை வகுக்கப்பட்டதே தவிர, பேச்சுக்கு எல்லை வகுக்கப்படவில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயங்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்குகின்றன. அங்கிருந்து வரும் மாணவி, ‘அம்மா பறஞ்சா’ என்று தன் கதையில் எழுதினால், மலையாளக் கலப்பு என்று அச்சொல் அடிக்கப்படுகிறது. பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்று தமிழ் அகராதி பொருள் தருகிறது. குமரி வழக்கிலும் அச்சொல் வாழ்கிறது. அடித்தவர் அகராதியைப் புரட்டவில்லை; எழுதியவரையும் வினவவில்லை. ‘சொன்னாள்’ என்று திருத்தப்பட்ட அக்கதை பின்னர் எந்த ஊருக்கும் உரியதாக இராது.

பிழையைச் சுட்டாது விடலாமா என வினவுவர். பிழை வேறு, வழக்கு வேறு. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968), தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) ஆகியன மலையாளச் சாயல் கொண்ட தென்கோடித் தமிழால் எழுந்தவை. மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அச்சேறிய நாவலில் வட்டார வழக்கு எனப் போற்றி ஆய்வேடு எழுதுவோர், மாணவரின் வரைவில் அதனையே வழு என அடிப்பது முரணன்றோ?

மேலைநாட்டு முறையை அப்படியே மேற்கொள்வதும் தீர்வாகாது. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய ஐயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் பட்டறையின் வழிவந்த நடைமுறையில், படைப்பாளி வாய்திறவாது அமர்ந்திருக்கப் பிறர் விவாதிப்பர். தம் வழக்கு அறியாதார் நடுவே அமர்ந்த சிறுபான்மையினருக்கு இம்மௌனம் சுமையாகிறது. அமெரிக்க எழுத்தாளர் மேத்யூ சாலசெஸ் 2021இல் வெளியிட்ட நூலில் இம்மரபை வன்மையாக மறுத்துள்ளார். அவர் அங்குக் கண்ட குறை இங்கும் பொருந்தும்.

ஆகவே, வரைவை வாசிக்கும் குழு முதலில் படைப்பாளியின் நோக்கத்தைக் கேட்டறிதல் வேண்டும். ஐயமான சொல்லுக்கு விளக்கம் பெற்ற பின்னரே கருத்துரைத்தல் வேண்டும். அவ்வட்டார வழக்கறிந்த ஒருவரேனும் குழுவில் இருத்தல் வேண்டும். மொழித் திருத்தம் இறுதிப் படிக்கு உரியது. அதனை ஏற்பதும் விடுப்பதும் எழுதியவரின் உரிமை. வரைவுக்கு மதிப்பெண் இடுதல் கூடாது.

இவற்றுக்கு இசையாத துறைகள் எல்லைப்புற மாணவரின் வரைவைக் கேட்டு வாங்காதிருத்தலே நன்று. குமரித் தமிழுக்கு வாய்த்த நாவல்கள் மூணாற்று லயத்துத் தமிழுக்கும் வாய்க்க வேண்டுமாயின், அத்தமிழ் முதல் வரைவிலேயே அழிக்கப்படாதிருத்தல் வேண்டும்.