நாய் படத்தைப் பார்க்காதீங்க, பையைத் திருப்புங்க

காரியாபட்டியில மாட்டுத்தீவனம் வாங்குற எந்தச் சம்சாரியும் மூட்டை மேல இருக்கிற மாட்டுப் படத்தைப் பார்த்து வாங்குறதில்லை. வாயில தச்சிருக்கிற சீட்டைத்தான் பார்ப்பான். புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு, ஈரம் எவ்வளவு. பிறகு ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பான். படிச்ச டவுன்காரங்க நீங்க, நாய்க்கு வாங்கும்போது மட்டும் படத்தையும் விலையையும் பார்த்து வாங்குறீங்க. விலை கூடன்னா சாமான் நல்லதுன்னு ஒரு நம்பிக்கை. அதைத்தான் இன்னைக்கு வம்புக்கு இழுக்கப் போறேன்.

நாயைப் பத்திப் பேச எங்க ஜில்லாக்காரனுக்கு உரிமை உண்டு. ராஜபாளையம் நாய்க்கு 2005ல தபால் தலையே போட்டாங்க. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலியில ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொல்லிப் பேசினார். இங்கே இருந்து குட்டிகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகுது. வாங்கும்போது தாய் நாயைக் காட்டு, காலைக் காட்டுன்னு அம்புட்டு விசாரிக்கிறவங்க, தீனி வாங்கும்போது ஒரு கேள்வி கேக்குறதில்லை.

பையைத் திருப்புங்க. சேர்மானங்களை எடை வரிசையில போடுறதுதான் வழக்கம், அதிகமா இருக்கிறது முதல்ல வரும். விலை குறைஞ்ச பைகள்ல பெரும்பாலும் தானியம்தான் முதல்ல நிக்கும். அது பல நேரம் எங்க மக்காச்சோளம் மாதிரி சோளம்தான். 2024-25க்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய், கிலோ 22 ரூபாய் சொச்சம். படைப்புழுவுக்கு மருந்தடிச்சு, காட்டுப்பன்னி தின்னது போக மிஞ்சினதை நாங்க அந்த விலைக்கு விக்கவே திண்டாடுறோம். (அந்தப் பன்னியை விரட்டத்தான் ராஜபாளையம் நாயே வளர்த்தாங்க, அது வேற கதை.) அதே சோளம் கோழிக்கறி படம் போட்ட பைக்குள்ள போயிட்டா கிலோ இருநூறு, முந்நூறு.

சோளம் நாய்க்கு விஷம்னு நான் சொல்லலை. வெந்த மாவுச்சத்தை ஓநாயை விட நாய் நல்லா செரிக்கும்னு 2013ல ஆராய்ச்சியே வந்தாச்சு. விஷம்னு பயமுறுத்தி, ‘தானியம் இல்லாதது’ன்னு இன்னும் கூடுதல் விலைக்கு விக்கிறாங்களே, அதுதான் அடுத்த ஏமாத்து. தானியத்துக்குப் பதிலா பட்டாணியும் பருப்பும் போடுறாங்க. அந்த மாதிரி தீனிக்கும் நாய்களோட இதயம் வீங்கி பலவீனமாகுற நோய்க்கும் தொடர்பு இருக்கான்னு 2018ல அமெரிக்க உணவு மருந்துத் துறை விசாரணையே ஆரம்பிச்சுது. இதுதான் காரணம்னு உறுதியாகலை. ஆனா கூடுதல் காசு கொடுத்து எதுக்கு அந்தச் சந்தேகத்தை வாங்கணும்?

புரதம் இத்தனை சதவீதம்னு போட்டிருக்கேம்பீங்க. அந்தக் கணக்கு எப்படி வருதுன்னு தெரியுமா? தீவனத்துல இருக்கிற தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை அளந்து, 6.25ஆல பெருக்குவாங்க. அந்த நைட்ரஜன் கறியில இருந்து வந்துதா, கோழி இறகுல இருந்து வந்துதா, கணக்குக்குத் தெரியாது. யூரியா கலந்தாலும் எண் ஏறும்னு மாடு வளர்க்கிறவனுக்குத் தெரியும். மாட்டோட வயித்துல இருக்கிற நுண்ணுயிர் யூரியாவைக் கொஞ்சம் புரதமா மாத்திக்கும். நாய்க்கு அந்த வயிறு கிடையாது. 2007ல சீனாவுல இருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்துல மெலமைன் கலந்திருந்துச்சு. புரத எண்ணைக் கூட்டிக் காட்டுற அதே தந்திரம்தான். அதைத் தின்ன நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்துச்சு. பிரபல கம்பெனிப் பைகளையெல்லாம் திரும்ப வாங்க வேண்டியதாச்சு.

டப்பாவுல வர்ற குழம்புத் தீனியில புரதம் 8 சதவீதம்னு பார்த்துட்டு மட்டம்னு நினைக்காதீங்க. ஈரம் 80 சதவீதம்னா, தண்ணி போக மிச்சத்துல அது 40 சதவீதம். அதே மாதிரி, முதல் பேரா ‘கோழிக்கறி’ இருந்தா துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். பச்சைக் கறியில முக்கால்வாசி தண்ணி. காய வச்சா அது சோளத்துக்குப் பின்னால போய் நிக்கும்.

உடனே ஒருத்தர் வருவார், ‘ஊர்நாய் பழைய சோறு தின்னு நல்லாத்தானே இருக்கு’ன்னு. நகரத்துல உக்காந்து கிராமத்தை மெச்சுறவங்களோட பேச்சு இது. செத்த குட்டிகளை அவர் பார்க்கலை. சோறும் சாறும் மட்டும் தின்னு வளர்ற குட்டிக்கு முன்னங்கால் வளையும். வெறும் கறி போட்டாலும் அதே கதிதான், கறியில சுண்ணாம்புச்சத்து ரொம்பக் குறைவு. சரியாச் சேர்த்த பை, அரைகுறையா ஆக்கிப் போடுற சோத்தை விட நல்லது.

அதனால வாங்குங்க, ஆனா படிச்சு வாங்குங்க. குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, அந்த வயசுக்கு முழுமையான தீனின்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஈரம் போகக் குட்டிக்குக் குறைஞ்சது 22.5 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம் புரதம் வேணும்னு அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் சொல்லுது. நம்ம நாட்டுத் தர நிர்ணய அமைவனமும் ஐ.எஸ். 11968னு ஒரு தரம் வச்சிருக்கு, அந்த எண் இருக்கான்னு தேடுங்க. கடைக்காரர் வாயைத் திறந்து வச்சு அள்ளி விக்கிற சில்லறைத் தீனி வேண்டாம், நம்ம வெயிலுக்குக் கொழுப்பு சிக்குவாடை அடிச்சிரும். மோந்து பார்த்தா உங்களுக்கே தெரியும். பையில இருக்கிற நம்பருக்குப் போன் போட்டு, சுண்ணாம்புச்சத்து எவ்வளவு, கறின்னு போட்டிருக்கிறது எந்தக் கறின்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியலைன்னா அந்தப் பையைக் கடையிலயே விட்டுட்டு வாங்க.