ஒரே சட்டிச் சோறு சோம்பேறிச் சோறு இல்லைங்க

நம்ம ஊர்ல கேசரோல்னா சப்பாத்தி சூடு ஆறாம வைக்கிற டப்பா. கல்யாணச் சீரில் ரெண்டு மூணு வந்து அட்டாலியில் தூங்கும். அமெரிக்காவில் கேசரோல்னா சாப்பாடு. காய், கறி, நூடுல்ஸ், சீஸ் எல்லாத்தையும் ஆழமான ஒரு பாத்திரத்தில் அடுக்கி, அவனில் வேகவச்சு, அதே பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறுவாங்க. பாத்திரத்தின் பேரே பதார்த்தத்துக்கும் ஆகிப்போச்சு. குழந்தை பிறந்த வீட்டுக்கும், சாவு விழுந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்தார் அதைத்தான் செஞ்சு எடுத்துட்டுப் போவாங்களாம்.

நம்ம கொங்கு நாட்டு அரிசிம்பருப்பும் அந்தச் சாதிதான். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, தக்காளி தாளிச்சு, அரிசியும் துவரம்பருப்பும் மஞ்சள்தூளும் போட்டு, தண்ணி ஊத்தி மூடி வச்சா முடிஞ்சது. மேலே கொஞ்சம் நெய், பக்கத்தில் தயிர். திருநெல்வேலிப் பக்கம் போனா கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்போடு கத்தரி, முருங்கை, வாழைக்காய், மாங்காய் எல்லாம் சேர்ந்து, தேங்காய் அரைச்சு விட்டு வேகும்.

இவ்வளவு நல்ல சோத்துக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை என்ன? "இன்னிக்கு வெறும் அரிசிம்பருப்புதானா?" விருந்தாளி வந்துட்டா அதை வைக்கவே கூச்சம். சமைக்க வணங்காத நாளில் செய்யறதுன்னு ஒரு பேரு வேற.

எனக்கு இதில் உடன்பாடு இல்லைங்க. மஞ்சள் வெட்டு நடக்கிற மாசத்தில் எங்க பக்கத்துப் பொம்பளைங்க விடியறதுக்குள்ள மாட்டுவேலை முடிச்சு, சோறாக்கி, எட்டு மணிக்குக் காட்டில் நிக்கணும். சாம்பார், ரசம், பொரியல், கூட்டுன்னு நாலு பாத்திரம் ஏத்தி இறக்கணும்னா எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க? கழுவறதும் அவங்கதான். டவுன்ல ஆபீஸ் போற பொண்ணுக்கும் இதே கணக்குத்தான், காட்டுக்குப் பதில் பஸ். நாலு பதார்த்தம் விசேஷத்துக்குச் சரி. தினமும் வேணும்னு கேட்கிறது, அவங்க தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கறதுதான்.

சத்திலும் குறை சொல்ல முடியாது. அரிசிப் புரதத்தில் குறையற லைசின் பருப்பில் இருக்கு. பருப்பில் குறையறதை அரிசி ஈடுகட்டும்.

வெள்ளாமைக்காரனுக்கு இன்னொரு லாபமும் தெரியும். கொல்லையில் ஒருநாள் ரெண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், கைப்பிடி அவரை கிடைக்கும். சந்தைக்கும் போகாது, அஞ்சு பேருக்குப் பொரியலுக்கும் காணாது. கூட்டாஞ்சோத்துச் சட்டி எல்லாத்தையும் ஏத்துக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள் விருந்தில் பீன்ஸ் கேசரோல் ரொம்பப் பிரபலம். 1955-ல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரெய்லின்னு ஒரு அம்மாவும் கூட வேலை செஞ்சவங்களும் உருவாக்கினது. பீன்ஸோடு கம்பெனியின் காளான் சூப் டப்பா ஒண்ணைக் கொட்டி, வறுத்த வெங்காயம் தூவணும். சுலபம்தான். ஆனா டப்பா இல்லாம அந்தச் சமையல் இல்லைன்னு ஆகிப்போச்சு. இங்கேயும் சாதத்துக்கு விதவிதமா பொடிப் பாக்கெட் வந்தாச்சு. அரிசிம்பருப்புக்குப் பாக்கெட்டே வேண்டாம்; அஞ்சறைப்பெட்டி போதும்.

அதனால வீட்டு ஆம்பளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரே சட்டியில் சோறு வந்தா "தொட்டுக்க என்ன?"ன்னு கேட்காதீங்க. வாரத்தில் ஒருநாள் நீங்களே ஆக்குங்க. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு, மூணரை டம்ளர் தண்ணி, குக்கரில் நாலு விசில். அப்பளம் சுடத் தெரிஞ்சா இன்னும் விசேஷம்.