வீங்கிய பெட்ரோல் டேங்க் எழுப்பும் கேள்வி

என் பழைய இறக்குமதி மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்த முயன்றபோது, முன்புற போல்ட் துளையில் இறங்கவில்லை. டேங்கின் துளையும் சட்டகத்தின் துளையும் ஏறத்தாழ அரை விரற்கடை விலகி நின்றன. பெங்களூரு ஜே.சி. சாலை அருகே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பார்த்தவுடன் சொன்னார்: "இழுத்துப் பிடிச்சு மாட்டாதீங்க சார். டேங்க் வீங்கியிருக்கு, முறுக்குனா விரிசல் விட்டுடும்."

காரணம் எளிய வேதியியல்தான். அந்த டேங்க் நைலானால், அதாவது பாலிஅமைடால் ஆனது. அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பெட்ரோலில் கலந்துள்ள எத்தனாலும், அது ஈர்த்துவரும் நீரும் அப்பிணைப்புகளுக்கிடையே புகுந்து சங்கிலிகளை விலக்க, பிளாஸ்டிக் விரிகிறது. நம் நாட்டு வண்டிகள் பெரும்பாலானவற்றின் டேங்க் எஃகால் ஆனது, அது வீங்காது. எனினும் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும் எத்தனாலால் பாதிப்பு நேரலாம்.

எரிபொருளை முழுவதும் வடித்து, மூடியைத் திறந்து, தீப்பொறி அண்டாத காற்றோட்டமான இடத்தில் சில வாரங்கள் உலரவிட்டோம். டேங்க் ஓரளவு சுருங்கியது. எஞ்சிய இடைவெளிக்காக டேங்கைத் தொடாமல், அதைத் தாங்கும் உலோகப் பட்டையின் துளையை மெக்கானிக் அரத்தால் நீட்டினார். போல்ட் இறங்கியது. ஆனால் அதே பெட்ரோலை நிரப்பினால் டேங்க் மீண்டும் விரியும். சாதாரண விலையில் வேறு பெட்ரோல் கிடைப்பதில்லை.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை, 2023 பிப்ரவரி 6 அன்று இதே பெங்களூருவில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2030க்கு வகுத்த இலக்கு 2025இலேயே எட்டப்பட்டது. எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதும் உழவர்க்கு வருவாய் சேர்ப்பதும் நல்ல நோக்கங்களே. அவற்றை நான் மறுக்கவில்லை. மாற்றத்தின் செலவைச் சுமப்பவர் யார் என்பதே என் கேள்வி. கலப்பில்லாப் பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலப்புக்கேற்பச் சீர்செய்த இருசக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது. அதற்கு ஈடாக விலை குறையவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே உயர்ந்துவிட்டது என்பது அரசின் விளக்கம். எத்தனால் கலவாத பெட்ரோலும் பம்புகளில் தெளிவான அறிவிப்பும் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

இது உலகிற்குப் புதிய சிக்கலன்று. பிளாஸ்டிக் டேங்க் எத்தனாலால் வீங்குவதாக டுகாட்டி உரிமையாளர்கள் அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கு, நீட்டித்த உத்தரவாதத்துடன் 2012இல் சமரசத்தில் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எத்தனாலின் அளவைக் காட்டும் குறியைப் பம்பிலும், புதிய வண்டியின் எரிபொருள் மூடியருகிலும் இடுவது 2018 முதல் கட்டாயம்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று: ஒவ்வொரு பம்பிலும் கலப்பு விழுக்காடு மாநில மொழியில் எழுதப்பட வேண்டும், நகருக்குச் சில பம்புகளிலாவது பழைய வண்டிகளுக்காக 10 விழுக்காட்டுப் பெட்ரோல் கிடைக்க வேண்டும், பொருள்கள் எத்தனாலைத் தாங்கும் திறன் பற்றிய சோதனைத் தரவுகள் முழுமையாகப் பொதுவெளிக்கு வர வேண்டும். மூன்றாவதை வலியுறுத்தும் பொறுப்பு, பாலிமர் ஆய்வுக்கூடங்கள் நிறைந்த இந்நகரின் ஆய்வாளர்களாகிய நமக்கு மற்றவரைவிட அதிகம்.